ஆறு நீல உருண்டைகளும் பயர் நைனாவும்

நெருப்பைக் கண்டு மனிதர்கள் பயப்படுவார்கள். நெருப்பே கண்டு பயந்த ஒரே மனிதர் கும்மிடிப்பூண்டியில் இருந்தார். அவர் இருந்த தெருவில் யாரும் நிம்மதியாக ஒரு பீடி பற்றவைத்ததில்லை. சாம்பிராணி போடுகிறவர்கள்கூட முதலில் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே தெரியாது. 'பயர் நைனா, கும்மிடிப்பூண்டி' என்று எழுதிப் போட்டால் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

எழுபதுகளின் நடுவில், அங்கே புதிதாக முளைத்த ஓர் இரும்பு ஆலையில் எனக்கு டைம்கீப்பர் வேலை. நைனா மெட்ராஸில் ஒரு பஞ்சாலையில் தீயணைக்கும் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு இலாகா துரை ஒருவர் கட்டிய ஓட்டு வீட்டை வாங்கி, முன்கூடத்தில் தான் இருந்துகொண்டு பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தார். துரை விட்டுப்போன தீயணைப்புச் சாமான்களுக்காகத்தான் அந்த வீட்டையே வாங்கினார் என்று தெருவில் பேச்சு.

வீடு கேட்டுப் போன அன்று அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை.

"பீடி, சிகரெட்டு உண்டா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாத. இஸ்துகினே தூங்குவியா, அணைச்சிட்டுத் தூங்குவியா?"

அம்மா சத்தியமாக இல்லை என்றேன். அப்படியும் நம்பாமல், கிணற்றடியிலிருந்து வாசல்வரை ஒரு வாளித் தண்ணீரோடு ஓடச் சொன்னார். ஓடினேன். வாளிக்குள் எட்டிப் பார்த்தவர், "பாதி தண்ணி வழியிலயே பூட்ச்சே, மீதி நெருப்புக்கு இன்னா பதில் சொல்லுவ?" என்றார். மூன்றாவது ஓட்டத்தில்தான் வீடு கிடைத்தது.

கூடத்துச் சுவரில், கம்பி வளையங்களுக்குள் ஆறு நீலக் கண்ணாடி உருண்டைகள் தொங்கின. ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. உள்ளே உப்புத் தண்ணீர். தீப்பிடித்தால் எடுத்து எறிய வேண்டும். கண்ணாடி உடைந்து, தண்ணீர் தெறித்து, தீ அணைந்துவிடும் என்பது துரை காலத்து நம்பிக்கை. மூலையில் ஒரு சிவப்புக் கூம்பு. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து முனையைத் தரையில் இடித்தால் சோடாத் தண்ணீர் பீச்சியடிக்கும். வாசல் நிலைக்கு மேல், கைப்பிடியைச் சுழற்றினால் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்கும் வெண்கல மணி. வெள்ளிக்கிழமைதோறும் நைனா உருண்டைகளைத் துடைத்துக் குங்குமப் பொட்டு வைப்பார். திருப்பாச்சூரிலிருந்து முதல்முறை வந்த என் மாமியார், ஏதோ குலதெய்வம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்லா கும்பிட்டுக்கோம்மா. கை மட்டும் வெச்சிடாத," என்றார் நைனா.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. மணி அடித்ததும் வீட்டில் இருப்பவர்கள் தெருவுக்கு ஓடி வர வேண்டும். கல்யாணமான புதிதில் முதல் ஒத்திகைக்கு என் மனைவி சாம்பார் குண்டானோடு ஓடி வந்தாள்.

"சாம்பாரைக் காப்பாத்தி யாருக்கு ஊத்தப் போற? உள்ள போ, மறுபடியும் வா."

அடுத்த வாரம் என் சர்டிபிகேட் பெட்டியைத் தூக்கி வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே துரத்தினார். பிறகு பட்டுப்புடவை, பிறகு தையல் மிஷின். மகன் பிறந்த பிறகு இடுப்பில் பிள்ளையும் கையில் பால் சொம்பும். "கொயந்தைய மட்டும் தூக்கினு வாம்மா! சொம்பு தானா வந்துக்கும்!" என்று தெருவே பார்க்கக் கத்துவார். இந்த ஆளிடம் பேஜாராப் போச்சு என்று அவள் என்னிடம் அழாத வாரம் இல்லை.

மகனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மாமனார் ஊரிலிருந்தே ஐயரைக் கூட்டிவந்து முற்றத்தில் ஓமம் வளர்த்தார். நைனா கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஐயர் ஒரு கரண்டி நெய் விட்டார், நைனா பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது கரண்டிக்கு ஜுவாலை இடுப்பு உயரம் எழும்பியது. அவ்வளவுதான். கூம்பு கவிழ்ந்தது, தரையில் 'ணங்' என்று ஒரு சத்தம். ஓமகுண்டம், ஐயர், அவர் பஞ்சாங்கம், மாமனாரின் புது வேட்டி எல்லாம் நனைந்தன.

"ஓமத்தை அணைச்சுட்டீரே, அபசகுனம்!" என்று அலறினார் ஐயர்.

"ஊடு எரிஞ்சா சகுனமா சாமி?" என்றார் நைனா.

மாமனார் கை நனைக்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். "இனி இந்த ஊட்ல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்," என்றாள் என் மனைவி. நானும் நைனாவோடு பேச்சை நிறுத்தினேன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வேறு வீடு பார்த்து, முதல் தேதி வருகிறோம் என்று சொல்லியும் வைத்துவிட்டேன்.

அதற்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு நண்பகல், ஆலை வாசலில் யாரோ கத்தினார்கள். "டைம்கீப்பரு ஊடு எரியுது!"

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று இன்றும் தெரியாது. தூரத்திலேயே புகை தெரிந்தது. மகன் அந்த நேரத்தில் சமையலறைக்கு அடுத்த அறையில் தூளியில் தூங்குவான். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

பம்பு ஸ்டவ் வெடித்திருக்கிறது. நைனா மணியைச் சுழற்றியிருக்கிறார். கூம்பு ஏற்கெனவே ஐயர் மேல் செலவாகியிருந்ததால், உருண்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி ஆறையும் எறிந்திருக்கிறார். தீ அவற்றைச் சட்டையே செய்யவில்லை. பிறகு தெருக்காரர்கள் கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றித்தான் அணைத்தார்கள். அதற்குள் எங்கள் அறையின் கூரை இறங்கிவிட்டது. தூளி தொங்கிய இடத்தில் ஓடும் கரியும் குவிந்து கிடந்தன.

என் மனைவி தெருவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை விரல் சூப்பிக்கொண்டிருந்தான். அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. காலில் செருப்புகூட இல்லை.

"மணி அடிச்சிச்சு. கொயந்தைய தூக்கினு ஓடியாந்துட்டேன். வேற எதுவும் தோணவே இல்லீங்க," என்றாள்.

பக்கத்தில் நைனா. அடுக்களையிலிருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தீக்குள் போய் இழுத்துப் போட்டதில் அவருடைய இரண்டு கையும் கொப்பளித்திருந்தன. பேச்சு நின்றுபோன மூன்று வாரத்துக்குப் பிறகு அவர்தான் முதலில் பேசினார்.

"சாமான் எல்லாம் பூட்ச்சு டைம்கீப்பரு. ஆளு ரெண்டும் கரெக்டா கீது, பாத்துக்கோ."

நடுத்தெருவில் அவர் காலில் விழுந்தேன். எனக்கு அப்போதும் வெட்கமில்லை, இப்போதும் இல்லை. என் பிள்ளை அவர் கொடுத்த உயிர்.

பின்கட்டுக்கு ஓடு மாற்றுகிறவரை நைனாவின் கூடத்திலேயே தங்கினோம். கையில் கட்டு இருந்ததால் அவருக்குச் சோறு ஊட்டியது என் மனைவிதான். பிள்ளைக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். இரண்டு பேரில் அதிகம் அடம்பிடித்தது பெரியவர்தான். ரசம் சூடாக இருந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார்.

முதல் தேதி வந்தது. வீடு காலியாக இருக்கிறதே, வரவில்லையா என்று ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். எங்கள் அப்பாவுக்குக் கையில் காயம், அவரை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.