பப்பாளிக்காக மழையை நிறுத்தும்படி

பாளையங்கோட்டை

அன்பும் மரியாதையும் மிகுந்த கிருபைராஜ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஜெய்சன் எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே எல்லோரும் சுகம். பப்பாளி மரத்துக்குத்தான் சுகமில்லை. அம்பாசமுத்திரத்தில் நீங்களும் அக்காவும் தோட்டமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

போன அறுப்பின் பண்டிகையில் நான் காணிக்கை வைத்த பப்பாளி உங்களுக்கு மறந்திருக்காது. உடம்பெல்லாம் புடைப்பும் பள்ளமுமாக இருந்த அதை ஏலத்தில் எடுத்த எதிர்வீட்டு பெனோ, "அண்ணாச்சி, இது பப்பாளியா, பலாவுக்குச் சொந்தமா?" என்று கேட்க, கோயிலே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "அடுத்த வருசம் வழவழன்னு ஒரு பழம் கொண்டு வாறேன், பாரும்வே" என்று சபை முன்னால் சொல்லிவிட்டேன். "அதே மூஞ்சியத் திரும்பவும் கொண்டு போனியன்னா நான் கோயிலுக்கே வரமாட்டேன்" என்கிறாள் என் வீட்டுக்காரி யூனிஸ்.

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மகள் ஸ்வீட்லின்தான் நோயைக் கண்டுபிடித்தாள். போரான் சத்து போதவில்லையாம். "எப்பா, நம்ம செம்மண்ணுல மணல் ஜாஸ்தி. மழை பெஞ்சா போரான் தண்ணியோட கீழ இறங்கிரும். மாமா தோட்டம் களிமண்ணு, பிடிச்சு வச்சிக்கிட்டு பைய பைய விடும்" என்றாள். மண்ணிலும் ஊதாரி, கெட்டிக்காரன் உண்டென்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. தொழு உரத்தோடு ஒரே ஒரு ஸ்பூன் போராக்ஸ், அதாவது போரான் உப்பு, போட்டோம். கூடிப்போனால் இலை கருகிவிடுமாம். அதற்கப்புறம் பிடித்த பிஞ்சுகளைப் பார்க்க வேண்டுமே, தடவிக்கொண்டே இருக்கலாம்!

போன வாரம் பாழாய்ப்போன மழை கொட்டித் தீர்த்தது. போட்டதெல்லாம் போயிற்றே என்று பதறி இன்னொரு ஸ்பூன் போட்டேன். அதனால் அத்தான், பண்டிகை வரைக்கும் பாளையங்கோட்டையில் ஒரு தூறல்கூட விழாதபடி நீங்கள் ஜெபிக்க வேண்டும். அசன விருந்தன்று நீங்கள் கண்ணை மூடியதும் மழை நின்றதை ஊரே பார்த்தது. விவசாயியிடம் கேட்கக் கூடாத வேண்டுதல்தான். உங்களுக்கான மழை அம்பாசமுத்திரத்தோடு நின்றுகொள்ளட்டும்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் வரப்பும் களஞ்சியமும் ஆசீர்வாதத்தால் நிறையட்டும்.

இப்படிக்கு,
ஜெய்சன்

பின்குறிப்பு: அந்த ஜெபம் வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பார்த்தால் இலை ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. அதே மழைக்குப் பயந்து யூனிஸ் ஒரு ஸ்பூன் போட்டிருக்கிறாள். எல்லோருக்கும் புத்தி சொன்ன ஸ்வீட்லினும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்பூன் போட்டாளாம்! உடனே மழை கேட்டு ஜெபியுங்கள். நன்றாகக் கொட்டி, கூடினதையெல்லாம் கழுவிக்கொண்டு போகட்டும். அப்படியும் மரம் பிழைக்காவிட்டால், பண்டிகைக்கு வரும்போது உங்கள் தோட்டத்துப் பப்பாளி ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பின்வாசல் வழியாக வாருங்கள். பெனோ எப்போதும் முன்வாசலில்தான் நிற்பான்.