டெஸ்டர் அண்ணனும் என் கார் ஏசியும்

மதுரை ஜில்லாவில் ஆண்டவன் படைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கோச்சடைத் தெரு டெஸ்டர் அண்ணன்தான். பிழைப்புக்குப் பத்திரம் எழுதுகிறார். அதில் ஒரு கமா பிசகாது. ஆனால் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் நிற்கும். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் கை வைத்த பிறகு எங்கள் வீட்டு மிக்ஸி, தேங்காயைச் சட்னியாக்காமல் சுவருக்கு அனுப்பியது. எதிர்வீட்டு வாஷிங் மெஷின் துணியோடு சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்தே வந்தது. "நடக்குதுல்ல? அப்ப மோட்டார் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றார். இந்த ஆளிடம் என் காரைக் கொடுத்தேன் என்றால், என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது? நீங்களே சொல்லுங்கள்.

போன வைகாசியில் கொட்டாம்பட்டியில் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறைக்கு வருவாள். தங்கச்சிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பெரிய மல்லிகை மாலைக்குச் சொல்லியாயிற்று. தங்கச்சியோ தினமும் போன் போட்டாள்.

"அண்ணே, மாலை வாடாம வரணும். இவுக பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துல வாடுன மாலை போட்ட தாய்மாமன இன்னும் பேசுறாக. என் மாமியா வீட்டுல என்னையத் தலைகுனிய வச்சுராத."

அந்த நேரம் பார்த்து என் கார் ஏசி மண்டையைப் போட்டது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், பதினைந்தாயிரம் ஆகும் என்றார்கள். அதை வாசலில் நின்று மனைவியிடம் சொன்னது என் தப்பு. பக்கத்து வீட்டு மதில் மேல் டெஸ்டர் அண்ணனின் தலை முளைத்தது.

"எம்புட்டுக் கேட்டான்?"

"பதினஞ்சாயிரம்ணே."

"அடப்பாவி! தம்பி, உள்ள ஒரு சின்னத் தகடு இருக்கு. அந்தப் பக்கம் சாஞ்சா சூடு, இந்தப் பக்கம் சாஞ்சா குளிரு. அது ஒடஞ்சிருக்கும். அம்புட்டுத்தான். வீடியோ பாத்துட்டேன். நாளைக்குக் காலையில வாரேன்."

"வேணாம்ணே, கல்யாண அவசரம்..."

"அவசரத்துக்குத்தானே நான் இருக்கேன்!"

பதினைந்தாயிரம் மிச்சமாகுமே என்ற ஆசை என் வாயை அடைத்துவிட்டது. "நான் முந்துன நாளே பஸ்ல போயிர்றேன்" என்றாள் மனைவி. அவள் விவரமானவள்.

மறுநாள் டேஷ்போர்டு எங்கள் வாசலில் ஏழு துண்டாகக் கிடந்தது. பில்டரைச் சோப்புப் பவுடரில் அலசிக் கொடியில் காயப்போட்டார். தகட்டின் ஓரம் ஒடிந்திருந்தது உண்மைதான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் சமையலறையிலிருந்து இரண்டு ரப்பர் பேண்டு வாங்கி முறுக்கி, தகட்டைக் குளிர்ப் பக்கமாக இழுத்துக் கட்டினார். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், ஜிலுஜிலுவென்று வந்தது. நானும் மடையன் மாதிரி சந்தோஷப்பட்டு அவருக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று காலை எட்டரைக்கு மாலையை வாங்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். "ஏசிய நான் கூட இருந்து பாக்கணும்" என்று அவரும் ஏறிக்கொண்டார். ஒத்தக்கடை தாண்டியதும் டேஷ்போர்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் முகத்தில் அனல் அடித்தது.

"என்னண்ணே இது?"

"ரப்பர் பேண்டு அறுந்துருச்சு. தகடு சூட்டுப் பக்கம் சாஞ்சிருச்சு. பாத்தியா தம்பி, நான் சொன்னேன்ல, பிரச்னை அந்தத் தகடுதான்!"

இந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குச் சந்தோஷம் வருமா? வந்ததே! காற்றை நிறுத்தினேன்; கார் புழுங்கியது. ஜன்னலை இறக்கினேன், வெயில் காற்று மாலையைப் போட்டு உலுக்கியது. ஓரத்துப் பூக்கள் பழுக்க ஆரம்பித்தன. வண்டியை ஓரங்கட்டிக் கத்தியே விட்டேன்.

"உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்ணே, இனிமே எதையும் தொடாதீக! கூடப் பொறந்தவன்னு அவளுக்கு நான் ஒருத்தன்தான். பதினஞ்சாயிரத்துக்கு ஆசப்பட்டு அவ மானத்த வாங்கிட்டேனே!"

அவர் "மேலூருக்கு விடு" என்று மட்டும் சொன்னார். அங்கே இறங்கி நேராக மீன்கடையைப் பார்த்து நடந்தார். "அய்யோ, மீன் ஐஸ் வேணாம்ணே!" என்று அலறினேன். திரும்பிப்போய், கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் ஒரு பெரிய ஐஸ் கட்டியும், இலைக்கடையில் வாழையிலையும் வாங்கி வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து, ஐஸைத் துண்டில் சுற்றி, குலுங்காமலிருக்கத் தொடைமேல் வைத்தார். அதன்மேல் இலை, அதன்மேல் மாலை, மறுபடி இலை. கண்ணாடியை ஏற்றச் சொன்னார். முன்னால் நான் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தேன்.

"குளிருதாண்ணே?"

"தொடை இருக்கா இல்லையான்னே தெரியல. நீ ரோட்டப் பாரு."

கொஞ்ச தூரம் போனதும், "ரப்பர் பேண்டு போட்டது தப்பு தம்பி. சைக்கிள் டியூப் போட்டுருக்கணும்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

மண்டப வாசலில் இலையை விலக்கினேன். பழுத்த பூ நாலைந்தைக் கிள்ளிப் போட்டதும், மாலை அப்போதுதான் கட்டியது போல இருந்தது. தங்கச்சி தொட்டுப் பார்த்தாள். "என்னண்ணே, இம்புட்டு ஜில்லுன்னு இருக்கு!" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டேன். தங்கச்சியின் மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் சொல்லாமல் நகர்ந்தார்.

தாலி கட்டி முடித்துப் பந்திக்குத் தேடினால் டெஸ்டர் அண்ணனைக் காணோம். வெளியே வெயிலில், இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்த வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கோலத்துல எப்படி உள்ள வர்றது? காஞ்சதும் வாரேன். நீ போய் ஆகுற வேலையப் பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கால் மரத்துப்போய் நொண்டினார். முதல் பந்தியில் உட்கார வைத்து, நானே இலை போட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த ஈர வேட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவுக யாரு?"

"பொண்ணுக்கு இன்னொரு தாய்மாமன்" என்றேன்.