மார்கழி வண்டிக்குத் தை மாத பம்பர்

பவித்ரா, இசக்கிராஜா, இதைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கலாம். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும்.

நம் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு முன்னால் நீல நிறத்தில் வளைந்து நிற்கிறதே, அது என்ன என்று நீங்கள் கேட்ட போதெல்லாம் "பழைய சாமான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அது ஒரே ஒரு நாள் மட்டும் ரோட்டைப் பார்த்த புதுச் சாமான். ஒரு காரின் முன்பக்கத்துப் பம்பர். காற்றுப் போவதற்கு விட்ட அகலமான வாசல் வழியாகத் தாய்க்கோழி நுழைகிறது. பனி விளக்குக்கு விட்ட ஓட்டை வழியாகக் குஞ்சுகள் நுழைகின்றன. அதை வடிவமைத்தவன் வந்து பார்த்தால் வேலையை விட்டுவிடுவான்.

கல்யாண வீட்டில் யாருக்காவது சேலைக்கும் ரவிக்கைக்கும் நிறம் சேரவில்லை என்றால் உங்கள் அத்தை, "எந் தம்பியையா கூட்டிட்டுப் போயி எடுத்திய?" என்று கேட்பாளே, அது இந்தப் பம்பரிலிருந்து கிளம்பிய கேலிதான். நீங்கள் கேட்டுச் சிரித்தது பாதிக் கதை. மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பவித்ரா இரண்டாம் வகுப்பு. இசக்கிராஜா இடுப்பில் இருந்தான். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் ஏற்றித் திருநெல்வேலிக் கடைகளில் இறக்குகிற லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பளத்தைவிட லேசான லோடு உலகத்தில் கிடையாது. பள்ளத்தில் விட்டால் நொறுங்கிவிடும் என்று மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே பைய உருட்டிக்கொண்டு போகிறவன்தான் நான். இந்த ஆள்தான் ஊருக்கே கார் ஆலோசகர். (ஆலோசனை கேட்டது யார் என்று கேட்காதீர்கள். யாரும் கேட்கவில்லை.)

டீக்கடையில் என் பிரசங்கம் இப்படிப் போகும். "இந்தக் குட்டி ஜீப்பு காருங்க இருக்கே, இதுங்க பொறந்த கதை தெரியுமா வே? மொதல்ல பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி சதுரமா வந்துச்சு. பின்கதவுல ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டு, இடுப்புல பிள்ளைய வச்ச பொம்பள கணக்கா. அப்புறம் நாலு மீட்டருக்குள்ள அடங்குனா வரி கம்மின்னு சொன்னானா, வாலை நறுக்கிட்டான். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில போயிட்டு. இப்ப ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மூஞ்சிய மட்டும் மாத்துதான். ஒடம்பு அதே ஒடம்புதான், கண்ணு மட்டும் சிறுத்துக்கிட்டே போவுது." இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. எல்லாம் சரியாகத் தெரிந்தவன்தான் இதையெல்லாம் செய்தான் என்பதுதான் கேவலம்.

பாளையங்கோட்டையில் உங்கள் அத்தை செண்பகத்தின் வீட்டில் அப்படிப்பட்ட ஒரு கார் வாங்கினார்கள். நீல நிறம். கார்த்திகைக் கடைசியில் மாமா பணம் கட்டிவிட்டார். வண்டியும் ஷோரூமில் தயாராக நின்றது. நான்தான் குறுக்கே விழுந்தேன். "அத்தான், மார்கழில புது வண்டி எடுக்கப்பிடாது. தை பொறக்கட்டும்." மாமா என் பேச்சைக் கேட்ட முதலும் கடைசியுமான தடவை அது. மார்கழி முழுக்க அந்த வண்டி ஷோரூமில் தூசி குடித்தது. தை இரண்டாம் தேதி எடுத்துப் பதிவு செய்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ராதாபுரம் தாத்தா, அதாவது என் மாமனார், பாபநாசத்தில் குளிக்க வேண்டும் என்று வந்தார். பனைமரத்தையும் வறண்ட கிணற்றையும் பார்த்தே வளர்ந்த மனுசர். ஆற்றில் ஒரு முங்கு போட ஆசை. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். எனக்கு அது பொறுக்கவில்லை. மாமனாரைக் காரில் இறக்கினால்தானே மாப்பிள்ளை. மாமா அப்போது வேலையாக மும்பை போயிருந்தார், வெள்ளிக்கிழமை காலைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போய் நின்றேன்.

அத்தை சாவியை எடுத்தாள், ஆனால் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏலே, அவியகிட்ட நான் கேக்கல. எங்க மாமியா ஏற்கெனவே, 'உன் வீட்டு ஆளுங்க வாங்கத்தான் வருவாங்க, குடுக்க வரமாட்டாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. உன்ன நம்பித் தாரேன். போனது போல வரணும்."

"என் கையில ஒரு கீறல் விழுமாக்கா? நான் அப்பளம் ஓட்டுதவன்."

பாபநாசத்தில் தாத்தாவை இறக்கிவிட்டு ஒழுங்காக நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. படித்துறைக்குப் போகிற வழி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கும். தாத்தா பக்கத்து இருக்கையில் இருந்தார், உங்கள் அம்மா பின்னால். வண்டியின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "இது சாதாரண காரு இல்ல மாமா. வயிறு ஒசரம். இங்கன கெடக்கிற கல்லு எல்லாம் இதுக்குத் தூசி." சொன்னதை நிரூபிக்கிற மாதிரி ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த பனை ஓலையை மிதித்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தாத்தா முன்னால் பார்த்தபடியே கேட்டார். "எறங்கிப் பாக்கணுமா மாப்ளே? இல்ல, இதுவும் வயிறு ஒசரத்துல சேத்தியா?"

இறங்கிப் பார்த்தேன். இடது மூலையில் பம்பர் கிழிந்து, அழப்போகிற பிள்ளையின் கீழுதடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்மேல் ஒரு சாண் நீளத்துக்கு நீலக் கோடு விழுந்திருந்தது. ஒரு குரங்கு வந்து அந்தக் கோட்டை மோந்து பார்த்துவிட்டு, தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்து என்னைப் பார்த்தது.

உங்கள் அம்மா வண்டியிலேயே சொன்னாள். "மைனிகிட்ட இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்க. பிளாஸ்டிக்குதான. ஒடஞ்சது ஒடஞ்சிட்டு."

அறிவுள்ளவர்கள் எல்லோரும் பின்சீட்டில் இருந்தார்கள். ஓட்டியவன் போன் போட்டான், ஆனால் வேறு விஷயம் பேசினான். "அக்கா, மாமனாரு திருச்செந்தூரு போணும்ங்காரு. வண்டி நாலஞ்சு நாளு இருக்கட்டுமா?" அத்தை, "பெரியவிய ஆசப்படுதாவன்னா போயிட்டு வாங்க" என்றாள். தாத்தா அன்று சாயங்காலமே பஸ் ஏறி ராதாபுரம் போய்விட்டார். போகும்போது, "திருச்செந்தூரு தரிசனம் நல்லா இருந்துச்சு மாப்ளே" என்றார்.

வண்டியை அப்பளக் குடோனில் விட்டு, அப்பளம் காயப்போடுகிற வேட்டிகளை எடுத்து மூடினேன். எட்டு வேட்டி பிடித்தது. மறுநாள் அப்பளம் போடுகிற பெண்கள் வந்து, உள்ளே யாரோ பெரிய ஆள் செத்துக் கிடப்பதாக நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

திருநெல்வேலியில் கார் உதிரி சாமான் கடை வைத்திருந்தவருக்குப் போன் போட்டேன். வண்டி நிறத்திலேயே பெயிண்ட் அடித்த பம்பர் வரும், அப்படியே மாட்டிவிடலாம் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"எந்த வருசத்து வண்டி அண்ணாச்சி? பழைய மூஞ்சியா, புது மூஞ்சியா? நீலத்துலயே ரெண்டு நீலம் வந்திருக்கு. கதவத் தொறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல கலர் நம்பரு போட்டிருக்கும், பாத்துச் சொல்லுங்க. இல்லாட்டி வண்டியக் கொண்டாங்க, வச்சே பாத்துருவோம்."

வண்டியைக் கொண்டு போனால் அத்தை வீட்டு ஆட்கள் யாராவது பார்ப்பார்கள். ஸ்டிக்கரைத் தேடினேன். அந்த இடத்தில் முருகன் வேலோடு சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி பூஜை அன்று அங்கே முருகன் படத்தை ஒட்டியதும் நான்தான். (முருகனைப் பிய்க்க முடியுமா? அதற்கு மட்டும் பயம் இருந்தது.) வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். பதிவு செய்த மாதம் ஜனவரி. அதே ஜனவரியில்தான் புது முகம் சந்தைக்கு வந்தது என்பது என் பிரசங்கத்தில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்தேன்.

"ஜனவரி வண்டி வே. புது மூஞ்சி, புது நீலம். அனுப்பும்."

"ஒறுதியா?"

"இந்த வண்டி பொறந்த கதைய நான் சொல்லட்டுமா?"

அவர் கேட்க விரும்பவில்லை. புதன்கிழமை பஸ்ஸில் பார்சல் வந்தது. அதே ஆர்.சி.யில், நான் பார்த்த வரிக்குப் பக்கத்திலேயே, வண்டி தயாரித்த மாதம் என்று இன்னொரு வரி இருந்தது. அதில் போட்டிருந்தது நவம்பர்.

வியாழக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் குடோனுக்கே அழைத்து வந்தேன். அவர் உடைந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தூக்கி வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"இது வேற ஆளு மூஞ்சில்லா வே. வெளக்கு இருக்க எடத்துல இதுக்கு வெளக்கு இல்ல. ஓரம் ரெண்டு விரக்கட தள்ளி நிக்கி."

அப்போதும் இந்த மேதைக்கு மார்கழி ஞாபகம் வரவில்லை. "புதுசு அண்ணாச்சி, அப்படித்தான் வெறச்சு நிக்கும். அழுத்துனா உக்காந்துரும்."

"எம்மேல பழி வரப்பிடாது."

"வராது."

ஏழு திருகாணி போட்டு அழுத்தி உட்கார வைத்தோம். குடோன் நிழலில் பார்த்தபோது நிறம் ஒன்று போலத்தான் இருந்தது. வெளியே எடுத்தேன். வெயில் பட்டதும் வண்டி துணிக்குப் போடுகிற சொட்டு நீலமாகவும், பம்பர் மயில் கழுத்தாகவும் பிரிந்து நின்றன. பம்பரில் மினுமினுப்பு வேறு.

மெக்கானிக் அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு, "வடிவேலு வேசம் கட்டுன மாதிரி ஆக்கிட்டீரு வே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மூளை அங்கேயாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தூசி படிந்தால் எல்லா நீலமும் ஒரே நீலம் என்று கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பாளையங்கோட்டைக்கு நேர் ரோட்டில் போகாமல் கால்வாய்க் கரை வழியாகச் சேற்றில் இறக்கி ஓட்டினேன். போதாத இடத்துக்கு இறங்கிக் கையாலேயே சேற்றை அள்ளிப் பூசினேன். அத்தை வீட்டுக்குள் விட்டு, வண்டியின் முகம் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். சாவியைக் கொடுத்துவிட்டு ஓடப் பார்த்தேன்.

"எங்கலே ஓடுத? இட்லி தின்னுட்டுப் போ."

மூன்றாவது இட்லியில் மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சேறு பூசிய வண்டியைப் பார்த்துவிட்டார். "என்னது இது, உழவுக்குப் போச்சா?"

அத்தை என் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியோடு நிமிர்ந்தாள். மாமியாரும் கூடத்தில் இருந்தார். அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"நான்தான் குடுத்தேன். என் தம்பிதான் எடுத்துட்டுப் போனான். சேறு கழுவுனா போயிரும். வேணும்னா சுத்திப் பாருங்க, ஒரு கீறல் இருந்தா என்னக் கேளுங்க."

அப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம். சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா குழாயைப் போட்டு வண்டியைக் கழுவினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"செண்பகம், வண்டி ஒண்ணுதான் குடுத்தியா? ரெண்டு வண்டி சேந்து வந்திருக்கு."

மாமியார் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து அத்தையின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பழைய சொல்லைத் திருப்பிச் சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு அவருக்குத் திருப்தி.

மாமா என் எதிரில் உட்கார்ந்தார். "ஏ மாப்ள, இது நவம்பர்ல செஞ்ச வண்டி. மார்கழில எடுக்காதீங்க அத்தான், தை பொறக்கட்டும்னு ஒரு பெரிய மனுசன் சொன்னான். யாரு அது?"

அப்போதுதான் எனக்கு மார்கழி ஞாபகம் வந்தது.

மாமா கடைசியில் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால்தான் இது குடும்பத்துக் கேலியாயிற்று. அத்தை சிரிக்கவில்லை. கையைக் கழுவ நான் பின்பக்கம் போனபோது அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லிருந்தியன்னா, ஒடச்சது நான்தான்னு நானே சொல்லிருப்பேம்லே" என்றாள். "இப்ப நீ எனக்கே தெரியாம என்னப் பொய் சொல்ல வச்சிட்ட."

இதுதான் நீங்கள் கேட்காத பாதி. சேலை, ரவிக்கை என்று அவள் இன்றைக்குக் கேலி பேசுகிறாளே, அதைப் பேசத் தொடங்க அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. முதல் தடவை அவள் அப்படிக் கேட்டபோது கல்யாணப் பந்தியே சிரித்தது. எனக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. ரசத்தில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரியான பம்பரைப் பெயிண்ட் அடிக்காமல் கறுப்பாகவே வாங்கி, வண்டியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்து அடித்துக் கொடுத்தார் ஒரு பெயிண்டர். அவர் என்னை ஒரு வார்த்தைகூடப் பேச விடவில்லை. தப்பான பம்பர் கோழிக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு அடுத்த வாரம் நான் தனியாகப் பாபநாசம் போனேன். பஸ்ஸில்தான். அந்தக் கல்லில் நீலக் கோடு அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் தேடி அலைந்த சரியான நீலம் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கொண்டுபோயிருந்த தேங்காய் நாரில் ஆற்று மணலை வைத்துத் தேய்த்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். நீலம் போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் வெளுத்து, கல்லின் மற்ற நிறத்தோடு சேராமல் தனியாகத் தெரிந்தது.

கை தானாகப் போய்ப் படித்துறைச் சேற்றை அள்ளி அதன்மேல் பூசிவிட்டது. பூசியதும் இரண்டும் ஒரே நிறமாகிவிட்டன. கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தேன்.

பிறகு ஆற்றில் இறங்கி, இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளிக் கொண்டுவந்து, அந்தச் சேற்றைக் கழுவிவிட்டேன்.