வர்ற ஞாயிறு

படகின் வயிற்றுக்குள் மறுபடியும் தண்ணீர்.

கேப்டன் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். ஆபீஸ் நாற்காலியைத் தவிர எதையும் ஓட்டியறியாத மேனேஜர். ரிடையரானதும் பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி, கூடவே தொப்பியும் வாங்கி, பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவர்.

"கீல் இணைப்பு கசியுது," என்று தீர்ப்பளித்தார். கீல் என்பது படகு கவிழாமலிருக்க அடியில் போல்ட் போட்டு மாட்டிய இரும்புப் பாளம்.

"அப்போ தீவு?" என்றாள், ரப்பர் குழாயும் கையுமாக நின்ற மனைவி.

கல்யாணமான புதிதில் கரையிலிருந்து கைநீட்டி, கூட்டிப் போவதாக அவர் சொன்ன தீவு. மழை தொடங்கினால் படகுத்துறையை மூடிவிடுவார்கள். அடுத்த வருடம் அவள் முழங்கால் படகேறச் சம்மதிக்குமா என்பது சந்தேகம்.

"வர்ற ஞாயிறு கட்டாயம்!"

போல்ட்டுகளை முறுக்கினார். துருப்பிடித்த ஒன்று மடக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. ஞாயிறன்று தண்ணீர் கணுக்கால் வரை நின்றது.

"ஏங்க, அந்தத் தண்ணி..."

"கேப்டன் யோசிக்கும்போது குறுக்க பேசாத! வர்ற ஞாயிறு கிளம்புறோம்."

கீல் இணைப்பை அடைத்திருந்த பழைய பசையைச் சுரண்டினார். பசையோடு கொஞ்சம் படகும் வந்தது. புதுப் பசை நன்றாகவே ஒட்டியது, அவர் தொப்பியில்.

கடைசியில் கிரேன்காரர் வந்து படகைத் தூக்கிக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.

"போல்ட் ஒடிஞ்சிருக்கு, இணைப்பு பிளந்திருக்கு. யாரு சார் பாத்த வேலை?"

"முன்னாடி வச்சிருந்தவன். மடையன்," என்றார் கேப்டன், கூசாமல். மனைவி பக்கம் திரும்பி, "வர்ற ஞாயிறு..." என்றார். அவள் தலையாட்டினாள்.

ஞாயிறு வந்தது. வானம் கறுத்திருந்தது. கேப்டன் கீலுக்கடியில் மல்லாந்து, பிளவைப் பார்த்து வாயைப் பிளந்தார். கடலை விட்டு ஏறி ஒரு வாரமாகியும் படகு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு நேராக வாய்க்குள் விழுந்தது.

சப்புக்கொட்டினார். உப்பே இல்லை.

மெல்ல எழுந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றினார். படகுத்துறை வாயிலில் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே... என்னம்மா?"

மனைவி ரப்பர் குழாயைச் சுருட்டியபடி தீவு இருந்த திசையைப் பார்த்தாள்.

"படகுல குடிதண்ணி டேங்க் வாராவாரம் காலியாயிடுதேன்னு கேக்க வந்தேன். நீங்க 'வர்ற ஞாயிறு'ன்னு சொல்றப்பல்லாம் நம்பி, அதை ரொப்பி வச்சது நான்தாங்க."