ப்ரோ காரு

திருப்பதியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

சென்ற ஆண்டு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் அன்றாடம் பேசுகிற ஆங்கிலச் சொற்கள் ஊழியர்களுக்குப் புரியவில்லையாம். ஆகவே எல்லாரும் கற்றுத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் எனக்கு சூப்பரின்டெண்ட் பதவி; விசாரணை கவுன்டரில் நாலு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கும் பிளெஸ்ஸிக்கு வேலை நிரந்தரம். தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்.

"எனக்கு இன்னாத்துக்கு சார் பரீட்ச? அந்தப் பசங்களோட தெனம் அதத்தானே பேசிக்கினு கீறேன்" என்றாள். பாவம், அது போதும் என்று நம்பினாள்.

பொருள் வகுக்க ஒரு குழு அமைந்தது. தலைவர் வேங்கடாசலம் சார். ஐந்து உறுப்பினர்களும் ஓய்வை நெருங்கியவர்கள். இளைஞர்களைச் சேர்த்தால் அவசரப்பட்டு எதையாவது புரிந்துகொண்டுவிடுவார்கள். ஏழு மாதம் உழைத்து நாற்பது சொற்களுக்கு ஒப்புதல் அளித்தார்கள்.

'சில்': அமைதி காக்கவும். மேலதிகாரியிடம் சொல்வதாயின் முன்அனுமதி பெறுக.

'கோஸ்டிங்': கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் நழுவுதல். ஏற்கெனவே அலுவலக நடைமுறையில் உள்ளதால் பயிற்சி தேவையில்லை.

'ப்ரோ': சம அந்தஸ்துள்ள ஊழியரை அழைப்பது. மேலதிகாரியானால் தெலுங்கு மரியாதை விகுதி சேர்த்து 'ப்ரோ காரு'.

நேர்முகத் தேர்வில் வேங்கடாசலம் சார் பிளெஸ்ஸியைக் கேட்டார்: "என்னை இளைஞர் பாஷையில் எப்படிக் கூப்பிடுவாய்?"

"சார்னுதான் சார். ப்ரோ காருன்னு ஒலகத்துல எவனும் சொல்றதில்ல."

"பட்டியலில் இருக்கிறதே அம்மா!"

"பேச்சுல இல்லியே சார்."

பேச்சைப் பற்றி அங்கே யார் கேட்டார்கள்? பிளெஸ்ஸி ஃபெயில். நாற்பதையும் நெட்டுருப் போட்ட நான் முதலிடம்.

அழுதுகொண்டே கவுன்டரில் பிள்ளைகளிடம் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே மாதத்தில் ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் டிரைவர் என்னையே "ஜருகண்டி ப்ரோ காரு" என்று நகரச் சொன்னார்.

விஷயம் குழுவுக்கு எட்டியது. ஒப்புதல் பெற்ற சொல்லைப் பொதுமக்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதாகவும், அதையும் சிரித்துக்கொண்டே பயன்படுத்துவதாகவும் குறிப்பெழுதி, சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இந்த வருஷம் மறுதேர்வு. அதே அறை, அதே கேள்வி. பிளெஸ்ஸி தயாராக வந்திருந்தாள்.

"ப்ரோ காரு!"

"அப்படி ஒரு சொல்லே கிடையாது."

தெருவில் ஓர் ஆட்டோக்காரர் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். சார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிளெஸ்ஸி மறுபடியும் ஃபெயில். அடுத்த மாதத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது.

திருத்திய பட்டியலை டைப் செய்தவன் நான். ஒப்பந்த ஊழியருக்கு நகல் அனுப்பத் தேவையில்லை என்று அடியில் குறித்தவனும் நான்தான். சூப்பரின்டெண்ட் ஆனதும் நான் எழுதிய முதல் குறிப்பு அது.

சாயந்திரம் படியிறங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"ப்ரோ காரு! ஒரு நிமிஷம் நில்லுங்க. எனக்கு மட்டும் லிஸ்ட்டு ஏன் வர்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டியலில் இல்லாத சொல்லால் அழைக்கிறாள். நான் எப்படித் திரும்ப முடியும்? விறுவிறுவென்று நடந்து பஸ் ஏறிவிட்டேன். நாற்பது சொல் படித்ததில் பிழையில்லாமல் எனக்கு வந்தது கோஸ்டிங் ஒன்றுதான்.