142857-க்கு ஒரு பாராட்டு விழா

மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் மூன்று: நெருப்பு, சக்கரம், எங்கள் மனுப் பிரிவு. சந்தேகப்படுகிறவர்கள் 142857-ஆம் மனுவின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கட்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏறவிட்ட முதுநிலை எழுத்தர் அடியேன்தான்.

மனு கொடுத்தவர் ஒரு தையல்காரம்மா. வீட்டு வாசலில் சாக்கடைக் குழியின் மூடி உடைந்துவிட்டதாம், கணவருக்குக் கண் தெரியாதாம், ஒரு மூடி வேண்டுமாம். சப்பென்ற மனு. ஆனால் எண்! அடடா, அந்த எண்!

எங்கள் பிரிவில் எண்ணின் குணம் பார்க்காமல் எந்த மனுவும் நகராது. கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கிய மேலாளர் கொண்டுவந்த 'விஞ்ஞான முறை' அது. பகா எண்ணாக இருந்தால் நாங்களே பார்த்தாக வேண்டும். பகு எண்ணாக இருந்தால் காரணிக்கு ஒரு பிரிவாக அனுப்பிவிடலாம்.

"வகுபடுதாய்யா?" என்றார் மேலாளர், கவலையோடு.

"ஜோரா வகுபடுது சார். மூணு, பதினொண்ணு, பதிமூணு, முப்பத்தேழு."

"அப்பாடா!"

குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்று பிரிவுகளுக்குப் போயின. கணவர் நான்காவது பிரிவுக்குப் போனார். நான்கும் 'எமக்குத் தொடர்பில்லை' என்று திரும்பி வந்தன.

அடுத்த ஆய்வில் ஒரு திடுக்கிடும் உண்மை வெளியானது. எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களை எல்லாம் கூட்டினாலும் 112503-தான் வருகிறது. ஆக, இது 'குறைவெண்'. உடனே தையல்காரம்மாவுக்குக் கடிதம் போனது: 'தங்கள் மனுவில் 30354 குறைகிறது. நேரில் கொண்டுவரவும்.'

வந்தார். "எதுல சார் குறையுது?"

"எண்ணுலம்மா."

"எண்ணைப் போட்டது நீங்கதானே?"

படிக்காதவர்களோடு வாதாடக் கூடாது.

"நாற்காலி பின்னுற பட்டறைக்குத் தினமும் தனியா நடந்தே போன மனுஷன் சார். எட்டு மாசமா வாசப்படி தாண்டல. சுவரையே தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு." எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் படிவம் இல்லை.

அப்போதுதான் மேலாளர் கத்தினார். எண்ணை இரண்டால் பெருக்கியிருக்கிறார்: 285714. மூன்றால்: 428571. ஆறுவரை போனாலும் அதே இலக்கங்கள்!

"இடம் மாறி மாறி உட்காருது, வெளிய போகவே மாட்டேங்குது! இது நம்ம ஆபீஸ் எண்ணுய்யா!" என்று கண் கலங்கினார்.

விழா எடுத்தோம். எண்ணின் சிறப்புகளைப் பொறித்து மூன்றடிக்கு மூன்றடி இரும்புப் பலகை ஒன்றை அலுவலக வாசலில் நிறுத்தினோம். தையல்காரம்மா 'எண்ணின் தாய்' என்று மேடையேற்றப்பட்டார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு பாரம் தாங்கும் சார்?"

"யானையே ஏறி நிக்கலாம்மா!" என்றேன் பூரிப்போடு.

மறுநாள் காலை பலகையைக் காணோம். விசாரணை அதிகாரியாக என்னை அனுப்பினார்கள். தையல்காரம்மாவின் தெருவுக்குப் போனேன். குழியின் மேல் கச்சிதமாகக் கிடந்தது எங்கள் பலகை. ஒரு மனிதர் கைத்தடியால் அதைத் தட்டிப் பார்த்தார், ஏறினார், கடந்தார், பட்டறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

"அரசாங்கச் சொத்தும்மா அது!" என்று சீறினேன்.

"ஆமா சார். குழி மட்டும் என் சொத்தா?"

திரும்பி வந்து அறிக்கை வைத்தேன். மேலாளர் 'குறை தீர்க்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்திட்டு, அனைவருக்கும் இனிப்பு வழங்கினார். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் தீர்த்து வைத்த முதல் மனு அது. அதற்கும் அந்த அம்மா எங்களிடம் திருட வேண்டியிருந்தது.