சிவப்புக் கோடு விழுந்த ஏகாம்பரம்

ஒருவர் செத்துவிட்டாரா இல்லையா என்பதை அவர் வீட்டுச் சுவரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இந்த ஞானம் எனக்கு அறுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், ஊரே பார்த்திருக்க வந்தது.

அந்தத் தேர்தலில் கட்சி என்னைப் போலிங் ஏஜென்ட் ஆக்கியிருந்தது. (அந்த இங்கிலீஷ் பட்டத்துக்காகவே புதுச் சட்டை தைத்தேன்.) செத்தவர்கள் பெயரில் கள்ள ஓட்டு விழாமல் தடுப்பது என் பொறுப்பு. வீடு வீடாக விசாரித்து, பட்டியலில் செத்தவர்களைச் சிவப்புப் பென்சிலால் அடிக்க வேண்டும். எனக்கோ வெயில் ஆகாது. வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பேன். மாலை போட்ட போட்டோ தெரிந்தால் பெயரைக் கேட்டு ஒரு கோடு. மீனவர் ஏகாம்பரத்துக்கும் அப்படித்தான் விழுந்தது.

ஓட்டுப்பதிவு அன்று காலை, ஏரிப் பனி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. குமாஸ்தா "ஏகாம்பரம்" என்று உரக்கப் படித்தார். பனிக்குள்ளிருந்து அந்தப் போட்டோ நடந்து வந்தது. அதே மீசை, அதே மரு. உடம்பெல்லாம் ஈரம்.

"இவர் செத்துட்டார் சார்" என்றேன்.

இவர் உயிரோடிருப்பதாக யாராவது சொல்கிறீர்களா என்று அதிகாரி வரிசையைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஏகாம்பரம் என்னிடம் கையை நீட்டினார். "தொட்டுப் பாத்து சொல்லு நைனா. இந்த ஓட்டும் பூட்டா, நான் இல்லன்னே ஆயிடும்."

தொட்டேன். ஐஸ். அடுத்து எனக்குத் தெரிந்தது, வெளியே ஓடிவந்து ஏரிச் சேற்றில் பட்டியலோடு கிடந்ததுதான்.

தூக்கிவிட்டது ஏகாம்பரத்தின் மனைவி. கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கிய கணவர் மூன்று மாதம் வரவில்லையாம். கருமாதி முடிந்தபிறகு ஆந்திரக் கரையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாராம். அன்று விடியற்காலை வலையிழுத்துவிட்டு நேராக ஓட்டுப் போட வந்திருக்கிறார்.

"கருமாதி முடிஞ்சவரு உசுரோட கீறாருன்னு வாயால சொன்னா, கடலுக்குக் கேட்டுடும் தம்பி, திரும்ப இட்டுக்கினு பூடும். அதான் மாலையக்கூட எடுக்கல" என்றார், ரகசியமாக.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சேறு சொட்டச் சொட்ட உள்ளே போய், அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று நானே சொன்னேன். ஏகாம்பரம் ஓட்டுப் போட்டார். வெளியே கடலலைச் சத்தம் சட்டென்று நின்ற மாதிரி இருந்தது. (பயம்தான், வேறென்ன.)

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, வாசலில் யாராவது "சார் இருக்காரா?" என்றால் என் மனைவி வாயால் 'இருக்கார்' என்று சொல்வதே இல்லை. உள்ளே கையைக் காட்டுவதோடு சரி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் மட்டும் சிரிப்பதில்லை.